மெக்காலே பிரபு: சட்டஞ் செய்தோன் ஒருவனது சரித்திரம்

சட்டமென்பது யாதென வினவின், அரசு விதித்த கட்டளையென்று மாணாக்கரும் விடை கூறுவர். அக்கட்டளையை எழுதியவர் யாவர், அவர் மனம் எவ்வாறு உருவாயிற்று, அவர் எவற்றைக் கண்டு எவற்றைக் காணாது எழுதினார் என்று வினவுவார் மிகச் சிலரே. நூல் கற்போர் நூலாசிரியன் வரலாற்றையும் அறிந்து கற்றல் வேண்டுமென்பது நம் முன்னோர் கொள்கை. சட்டமும் ஒரு நூலே. இலங்கையில் இன்றுவரை வழங்கும் தண்டனைச் சட்டக்கோவைக்கு மூலமாயுள்ள நூலை வகுத்தவர் தோமஸ் பாபிங்டன் மெக்காலே என்னும் ஆங்கிலேயர். இந்தியக் கல்வியைக் குறித்து அவர் எழுதிய குறிப்பினால் அவரை ஆசிரியர்கள் பலர் அறிவர். சட்டஞ் செய்தோனாக அவரை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர் சரித்திரத்தை அந்நோக்கிற் சுருக்கிக் கூறுவாம்.

மெக்காலே 1800ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25ஆந் திகதி இங்கிலாந்தின் லெஸ்டர் நாட்டுப்புறத்திலே பிறந்தார். அவர் தந்தையார் சக்கரி மெக்காலே. இவர் இளமையிற் ஜமெய்க்காத் தீவிலே கரும்புத் தோட்டமொன்றில் வேலைபார்த்து, அங்கே அடிமைகள் படுந் துயரைக் கண்ணாரக் கண்டவர். பின்னர் விடுதலைபெற்ற அடிமைகள் குடியேறிய சியராலியோன் நாட்டுக்குத் தேசாதிபதியாயிருந்தார். இங்கிலாந்து திரும்பியபின் தம் ஆயுள் முழுவதையும் அடிமை வாணிகத்தையும் அடிமைமுறையையும் ஒழித்தற்கே செலவிட்டார். வில்பர்போர்ஸ் முதலிய பெரியோர் அவருக்கு அயலவரும் நண்பருமாயினர். அடிமைகளைப் பற்றிய கணக்குகளும் சாட்சியங்களும் பேசப்படும் வீட்டிலே மைந்தர் வளர்ந்தார். சமய ஒழுக்கத்தில் மிக்க கண்டிப்புடையது அவ்வீடு. மெக்காலே பிற்காலத்திலே தந்தையாரின் சமயக் கடுமையைக் கைவிட்டாராயினும், மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளுதல் கொடுமையென்னும் எண்ணத்தை ஒருபோதும் கைவிட்டாரல்லர்.

அவரது நினைவாற்றல் வியக்கத்தக்கது. மில்தன் இயற்றிய பெருங்காப்பியம் முழுவதையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டிரினிற்றிக் கல்லூரியிற் கற்று, கிரேக்க உரோம நூல்களில் ஆழ்ந்த புலமை பெற்றார். கணிதத்தில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. 1825இல் மில்தனைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையினாற் புகழ் எய்தினார். 1826இல் நியாயவாதியாகப் பதிவுபெற்றாரேனும், நியாயஸ்தலங்களில் வழக்குப் பேசிப் பொருளீட்டினாரல்லர். ஒரு பெருந் தேசத்துக்குக் குற்றச்சட்டம் வகுக்க இருந்தவர் வழக்குகளிற் பழகாதவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1830இல் லான்ஸ்டவுண் பிரபு தமது செல்வாக்கினுட்பட்ட கான் என்னுஞ் சிற்றூரின் ஆசனத்தை மெக்காலேக்கு வழங்கினார். அங்ஙனம் பாராளுமன்றம் புகுந்தவர் முதன்முதற் செய்த பேச்சு, யூதருக்கு அச்சபையில் இடமளித்தல் வேண்டும் என்பதே. யூதர் அவ்வுரிமை பெற்றது 1858இலேதான். 1831ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, பாராளுமன்றச் சீர்திருத்த மசோதாவை ஆதரித்து அவர் ஆற்றிய சொற்பொழிவு நாடெங்கும் பேசப்பட்டது. அம்மசோதாவின் இரண்டாம் வாசிப்பு ஒரேயொரு வாக்கினால் நிறைவேறிற்று. பிரபுக்கள் கைப்பிடியிலிருந்த சிற்றூர் ஆசனங்களை ஒழிக்கும்படி வாதித்தவர், அத்தகைய ஆசனமொன்றில் இருந்தே வாதித்தார். சட்டஞ் செய்வோன் தான் ஏறிவந்த ஏணியையே வெட்டத் துணிதலும் உண்டென்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

1833இல் அவருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. அப்பொழுது அவர் இந்திய காரியங்களை மேற்பார்க்கும் சபையின் காரியதரிசியாய் அரசாங்கப் பதவியில் இருந்தார். அடிமைகளை விடுவிக்கும் மசோதாவை அரசாங்கம் கொண்டுவந்தது. ஆயின், விடுதலைபெற்றோர் 12 ஆண்டு பழைய எசமானரிடமே பயிற்சித் தொழிலாளராய்க் கட்டுண்டிருத்தல் வேண்டும் என்று அதில் விதிக்கப்பட்டிருந்தது. முதுமையும் நோயும் வறுமையும் உற்றிருந்த தந்தையார் அவ்விதியைக் கண்டு வருந்தினார். தந்தையாரின் வாணிகம் முறிந்தமையாற் குடும்பத்தைத் தாங்கும் பாரம் மைந்தர்மேல் வீழ்ந்திருந்தது. கேம்பிரிட்ஜிற் பெற்ற பொற்பதக்கங்களையும் விற்க நேர்ந்தது என்பர். பதவியை இழந்தாற் குடும்பம் வருவாயின்றி நிற்கும். எனினும் மெக்காலே தமது இராசினாமாவைக் கொடுத்துவிட்டு, அவ்விதிக்கு எதிராகச் சபையிற் பேசினார். அரசாங்கம் அக்கால அளவைக் குறைக்க இசைந்தது. இராசினாமாவும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அன்று அவருடைய தீர்மானத்தை நடத்தியது சட்டப்புத்தகமன்று, இளமையில் வீட்டிலே கேட்டவையே.

அவ்வாண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியுரிமையைப் புதுப்பிக்குஞ் சட்டம் நிறைவேறியது. மகாதேசாதிபதியின் ஆலோசனைச் சபையிலே சட்ட அங்கத்தவர் ஒருவர் இருத்தல் வேண்டுமென்றும், இந்தியச் சட்டங்களை ஆராய ஓர் ஆணைக்குழு அமைத்தல் வேண்டுமென்றும் அது விதித்தது. அச்சட்டம் நிறைவேற முன்னின்று உழைத்த மெக்காலேயே அப்பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். சம்பளம் ஆண்டுக்கு 10,000 பவுண். சில ஆண்டு இந்தியாவில் இருந்து பொருள் சேர்த்தால், குடும்பத்தையுந் தாங்கலாம், அரசியலிலும் எவர் தயவையும் வேண்டாது நிற்கலாம் என்று அவர் கருதினார். அவர் நம் நாடுகளை நோக்கி வந்தது நம்மேற் கொண்ட பற்றினாலன்று. இதனை அவரும் மறைத்தாரல்லர்.

1834ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னபட்டினத்தில் இறங்கினார். மகாதேசாதிபதி பெந்திங்குப் பிரபு அப்பொழுது நீலகிரியில் உதகமண்டலத்தில் இருந்தமையால், மெக்காலே பல்லக்கிலே ஏறி, பங்களூர், சீரங்கபட்டணம், மைசூர் வழியாக மலைக்குச் சென்றார். பின்பு கல்கத்தா சேர்ந்தார். அவருக்கு உயிரனைய இளைய சகோதரி மார்கரெட் இங்கிலாந்தில் இறந்த செய்தி 1835இன் தொடக்கத்தில் அவரை எட்டியது. துயரால் மனமொடிந்தவர் புத்தகங்களையே புகலாகக் கொண்டார். நாடோறும் அதிகாலையிற் பல நாழிகை கிரேக்க உரோம நூல்களையே படித்தார். தாம் இறங்கிய தேசத்தின் நூல்களைக் கற்க முயன்றாரல்லர்.

இந்நிலையிலேதான் 1835ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 2ஆந் திகதி கல்விக்குறிப்பு எழுதப்பட்டது. கல்விக்கென 1813ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய இலட்சம் ரூபாவை எம்மொழிக் கல்விக்குச் செலவிடுவது என்பதிலே கல்விச்சபையினர் இரு கூறாய்ப் பிரிந்து நின்றனர். வடமொழியும் அரபுமொழியும் வேண்டும் என்பார் ஒருசாரார். ஆங்கிலம் வேண்டும் என்பார் மறுசாரார். தமக்கு வடமொழியும் அரபும் தெரியாவென்பதை மெக்காலே அக்குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அவரே, கீழைத்தேயத்து நூல்கள் யாவும் ஐரோப்பிய நூல்நிலையமொன்றின் ஒரு தட்டுக்கு ஈடாகாவெனத் தீர்ப்பும் வழங்கினார். மொழிபெயர்ப்புக்களைப் பார்த்ததும், கீழைமொழி வல்ல ஆங்கிலேயரோடு பேசியதுமே அவர் காட்டிய ஆதாரம். மார்ச்சு மாதம் 7ஆந் திகதி பெந்திங்குப் பிரபு ஆங்கிலக் கல்வியின் பக்கமாகத் தீர்மானம் செய்தார். ஒரு பொருளைக் கல்லாதவன் அப்பொருளைப்பற்றி நிறுத்துக் கூறுதற்குத் தராசு யாண்டுப் பெற்றான்? தான் கற்றதையே தராசாகக் கொண்டான் என்க. சட்டஞ் செய்வோர்க்கு நேரும் பெருங்கேடு இதுவே. அறியாமை சிறு கேடு. அறியாமையோடு உறுதியும் கூடுதலே பெருங்கேடு.

இனி அவரது தண்டனைச் சட்டக்கோவையை நோக்குவாம். 1835இல் அமைந்த சட்ட ஆணைக்குழுவிற்கு மெக்காலே தலைவர். மக்லவுட், ஆண்டர்சன், சார்ல்ஸ் ஹே கமரன் என்போர் உடனிருந்தனர். இவருள் இருவர் நம் இலங்கைச் சரித்திரத்தில் இடம் பெற்றவர். கமரன் என்பார், கோல்புறூக் துரையோடு இலங்கைக்கு ஆணையாளராய் வந்து, இந்நாட்டு நியாயஸ்தலங்களைச் சீர்திருத்த 1832இல் அறிக்கை எழுதியவர். ஆண்டர்சன், 1850 முதல் 1855 வரை இலங்கைத் தேசாதிபதியாய் இருந்தவர். உடனிருந்தோர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டமையால், வேலையின் பெரும்பகுதி மெக்காலே கைக்கே வந்தது. குழுவிலே இந்தியர் ஒருவரேனும் இலர். ஆலோசனைச் சபையிலும் இலர். எவர் தலைமேல் அச்சட்டம் இறங்குமோ, அவர் குரல் அவ்வறையினுட் கேட்கப்படவில்லை.

அக்காலத்திலே வங்காளம், சென்னை, பம்பாய் என்னும் மூன்று மாகாணங்களிலும் குற்றச்சட்டம் வெவ்வேறாய் இருந்தது. ஒரே குற்றத்துக்கு ஓரிடத்தில் ஒரு தண்டனையும் பிறிதோரிடத்தில் வேறொரு தண்டனையும் விதிக்கப்பட்டன. இச்சட்டங்களில் எதனையும் திருத்தாது, புதிதாகவே ஒன்றை வகுத்தல் நலமென்று குழுவினர் துணிந்தனர். இத்துணிவு பெந்தம் என்னும் ஆங்கில அறிஞர் கொள்கையின் வழியது. சட்டம் தீர்ப்புக்களின் குவியலாயிராது, யாவரும் அறியத்தக்க ஒரே கோவையாய் இருத்தல் வேண்டுமென்பது அவர் கோட்பாடு. கமரன் அவர் மாணாக்கருள் ஒருவர். பெந்தத்தின் நண்பராகிய ஜேம்ஸ் மில் எழுதிய அரசியல் நூலை மெக்காலே 1829இற் கடுமையாகக் கண்டித்திருந்தார். எனினும் சட்ட நூலமைப்பில் அக்கூட்டத்தார் கொள்கையையே ஏற்றார். அரசியலில் மறுத்தவரிடத்துச் சட்டத்திற் கற்றுக்கொள்ள அவர் நாணவில்லை. பிரான்சு தேசத்துத் தண்டனைச் சட்டத்தையும், அமெரிக்காவின் லூசியானா நாட்டுக்கு லிவிங்ஸ்டன் வகுத்த சட்டக்கோவையையும் முன்வைத்து ஆராய்ந்தார்.

1837ஆம் ஆண்டு மே மாதத்தில் வரைவு முடிந்தது. அதன் சிறப்புக்களில் முதன்மையானது எடுத்துக்காட்டு. ஒவ்வோர் இலக்கணத்தின்கீழும் சிறுசிறு நிகழ்ச்சிகளைக் கூறி, இது குற்றம், இது குற்றமன்று என விளக்குவதே அம்முறை. நாய்க்கு இரை காட்டி அதனைப் பின்தொடரச் செய்தவன், உடையவன் சம்மதமின்றிக் கவரும் எண்ணமுடையனாயின் கள்வனாவான். பெருந்தெருவில் ஒருவர் வசமுமின்றிக் கிடந்த மோதிரத்தை எடுத்தவன் அதனால் மாத்திரம் கள்வனாகான். இங்ஙனம் கூறின் நியாயாதிபதிக்கும் தெளிவு, குடிகளுக்கும் தெளிவு. சூத்திரமும் உரையும் உதாரணமுமாக இலக்கணங் கற்பிக்கும் நம் ஆசிரியர்க்கு இம்முறை புதிதன்று. நூலுக்கு அழகு பத்தென வகுத்த நன்னூலாரும், சொற்சுருக்கத்தையும் பொருள் விளக்கத்தையும் அவற்றுள் வைத்தனர். அவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிது. சுருக்கினால் இருளும், விளக்கினால் நீளும். மெக்காலே சூத்திரத்தைச் சுருக்கி, விளக்கத்தை எடுத்துக்காட்டின்மேல் ஏற்றினார்.

அவ்வரைவிலே அவருடைய மனத்தின் பல கூறுகளும் பதிந்துள்ளன. சுதந்தரனுக்குச் செய்தாற் குற்றமாகும் செயல், அடிமைக்கு எசமான் செய்தமையாற் குற்றமாகாது போகாதென்று வரைவின் கொள்கை வகுக்கப்பட்டது. இங்கே தந்தையாரின் குரல் ஒலிக்கின்றது. இத்தேசத்தார் தீங்கை எதிர்க்காது மிகப் பொறுத்துக்கொள்பவர் என்று கருதி, தற்காப்புரிமையை விரிவாக வைத்தார். இங்கே ஒரு சாதியாரைப்பற்றி வெளியான் கொண்ட எண்ணம் சட்டமாயிற்று. கசையடியை அவ்வரைவு தண்டனையாக ஏற்கவில்லை. மரணதண்டனை கொலைக்கும் அரசுக்கெதிரான பெருங் குற்றங்களுக்குமே வைக்கப்பட்டது. கற்புப்பிறழ்ச்சியைத் தண்டனைக்குரிய குற்றமாக்க அவர் இசையவில்லை. சிறுமியாய் மணஞ்செய்விக்கப்பட்டு, பல மனைவியருள் ஒருத்தியாய்ப் புறக்கணிக்கப்படும் பெண்ணைத் தண்டித்தல் நியாயமன்றென்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1860இற் சட்டம் செய்தோர் அவர் கருத்தை விலக்கி, பிறன் மனைவியைக் கூடிய ஆடவனைத் தண்டிக்கும் விதியைச் சேர்த்தனர். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அவ்விதியைச் செல்லாதென்று தீர்த்தது.

சமயங்களைப்பற்றிய அத்தியாயம் நம்மவர் ஊன்றி நோக்கற்பாலது. எவருடைய வழிபாட்டிடத்தையும் அழித்தலும் மாசுபடுத்தலும், வழிபாட்டுக் கூட்டத்தைக் குழப்புதலும், மனம் புண்படவேண்டுமென்றே சமயத்தைப் பழித்துரைத்தலும் குற்றமெனப்பட்டன. ஆளுவோர் சமயத்துக்கென்று தனிச்சலுகை அதில் இல்லை. இவ்விதியை அவருள்ளத்தில் எழுப்பியது நம் சமயத்தின்மேற் கொண்ட மதிப்போவெனின், அன்று. 1843இல், சோமநாதபுரத்துச் சிவாலயக் கதவுகளெனக் கருதப்பட்டவற்றைக் கசினியிலிருந்து எல்லன்பரோப் பிரபு மீட்டுவந்ததைக் கண்டித்து மெக்காலே கொமன்ஸ் சபையிற் பேசியபொழுது, சிவலிங்க வழிபாட்டைப்பற்றிச் சைவர் செவி பொறாத இழிசொற்களைக் கூறினார். அவரே சிவாலயத்துக்கும் சட்டக்காவல் வகுத்தவர். சிலர் பலரை ஆளுமிடத்துச் சமய நிந்தையினும் அபாயமானது பிறிதில்லையென்னும் அச்சமும், எவனும் தன் சமயத்தைத் தடையின்றிக் கைக்கொள்ளல் வேண்டுமென்னும் கொள்கையும் சேர்ந்து அவ்விதியைப் பிறப்பித்தன. வெறுப்புடையோனும், கொள்கையினாற் கட்டுண்டு எழுதுவானாயின், நடுநிலை பிறழாத விதியை எழுதக்கூடும். சட்டஞ் செய்வோனிடத்து நாம் வேண்டுவது அன்பு மாத்திரமன்று, கொள்கையுமேயாம்.

அவர் கல்கத்தாவில் இருந்தபொழுது மற்றொரு சோதனையும் நேர்ந்தது. வெளியூர்களிலுள்ள ஐரோப்பியர், சிவில் வழக்குகளில் உச்ச நியாயஸ்தலத்துக்கே அப்பீல் செய்யுந் தனியுரிமை பெற்றிருந்தனர். ஏனையோர் செல்லும் மேல்மன்றுக்கே அவரும் செல்லல் வேண்டுமென்று 1836ஆம் ஆண்டின் 11ஆஞ் சட்டம் விதித்தது. கல்கத்தா ஆங்கிலேயர் அதனைக் கறுப்புச் சட்டமெனப் பெயரிட்டுக் கூட்டங் கூடித் தூற்றினர். பத்திரிகைகள் நாடோறும் மெக்காலேயை வைதன. அப்பத்திரிகைகளுக்கு முன்னனுமதித் தடையை நீக்கிய 1835ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தவரும் அவரே. ஆயினும் கொடுத்த சுதந்தரத்தைப் பறிக்க அவர் நினைத்தாரல்லர், சட்டத்தையும் மாற்றினாரல்லர். தம்மினத்தாரின் பகையைப் பொறுத்தல், பிறரின் பகையைப் பொறுத்தலினும் அரிது.

1838இன் தொடக்கத்தில் மெக்காலே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கப்பலிலிருக்கும்போதே தந்தையார் காலஞ்சென்றார். பின்பு எடின்பரோ நகரின் அங்கத்தவராய்ப் பாராளுமன்றம் புகுந்தார். நூலுரிமையை ஆசிரியன் இறந்தபின் 60 ஆண்டுவரை நீட்டும் மசோதாவை, தாம் நூலாசிரியராயிருந்தும் 1841இல் எதிர்த்தார். வாசிப்போர்மேல் நெடுங்கால வரியாய் அது முடியும் என்பது அவர் வாதம். அயர்லாந்தில் மெனூத் என்னும் கத்தோலிக்கக் கல்லூரிக்குப் பொருளுதவுதலை ஆதரித்தமையால் எடின்பரோ வாக்காளர் சினந்தனர். 1847இல் அவர் தோல்வியுற்றதற்கு அச்சினமும் ஒரு காரணம். 1852இல் அந்நகரத்தாரே அவரை மீண்டும் தெரிந்தனர். இங்கிலாந்துச் சரித்திரம் என்னும் அவரது பெருநூலின் முதலிரு பாகங்கள் 1848இல் வெளிவந்தன. 1857இற் பிரபுப்பட்டம் பெற்றார். 1859ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28ஆந் திகதி, மணஞ் செய்யாதவராகவே காலஞ்சென்றார்.

அவர் வரைந்த சட்டமோ இருபது ஆண்டுக்கு மேலாகச் சட்டமாகாது கிடந்தது. புதிய முறை வேண்டாவென்றார் சிலர், சொற்கள் பழக்கமற்றவையென்றார் சிலர். 1857இல் வட இந்தியாவிற் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1858இற் கம்பெனி ஆட்சி நீங்கி முடியாட்சி வந்தது. அதன்பின்னரே, பார்ன்ஸ் பீக்கொக் என்பார் திருத்திய உருவிலே, 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6ஆந் திகதி அது சட்டமாகி, 1862ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர் அதனைக் காணவில்லை. அரசுநிந்தையைப்பற்றிய விதி வரைவில் இருந்து, 1860இல் விடுபட்டு, 1870இல் மீண்டும் புகுந்தது. அவ்விதியினாற் பின்னாளிலே திலகரும் காந்தியடிகளும் சிறைசென்றனர். எழுதியவன் கையை விட்டகன்ற சட்டம் எவர் கையில் எதற்கு ஆயுதமாகுமென்பதை எழுதியவனும் அறியான்.

இலங்கையிலே, இந்தியச் சட்டக்கோவையைத் தழுவி, 1883ஆம் ஆண்டின் 2ஆம் கட்டளைச்சட்டமாகத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டு, 1885ஆம் ஆண்டு ஜனவரி முதல் வழங்கலாயிற்று. அப்பொழுது சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாய் இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். கல்கத்தாக் குழுவில் இல்லாத நம்மவர் இடம், கொழும்புச் சபையிலே ஓரளவேனும் இருந்தது. இந்தியாவிற் பழைய கோவை நீங்கி, 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிய சட்டம் வழங்குகின்றது. அதிலும் எடுத்துக்காட்டு முறை நிலைபெற்றுள்ளது. இலங்கையிற் பழைய கோவையே, காலந்தோறுஞ் செய்த திருத்தங்களுடன் நின்று வருகின்றது.

இச்சரித்திரத்தாற் பெறப்படுவன சில. சட்டஞ் செய்வோனை உருவாக்குவன அவன் பிறந்த வீடு, கற்ற நூல், உடனிருந்தோர், பொருள்நிலை, அச்சம், கொள்கை என்பனவாம். இவற்றுள் எவையும் சட்டப்புத்தகத்திலே எழுதப்படுவதில்லை. எனினும் அதன் வரிதோறும் இவை மறைந்து நிற்கின்றன. தாம் கண்டறிந்த கொடுமையைப்பற்றி மெக்காலே எழுதியன இன்றும் நன்மையாய் நிற்கின்றன. தாம் கல்லாததைப்பற்றி எழுதியன நீங்கா வடுவாய் நிற்கின்றன. இரண்டையும் எழுதியது ஒரே கை, ஏறக்குறைய ஒரே காலத்தில்.

நாளைச் சட்டஞ் செய்வோர் இன்று நம் பாடசாலை வாங்குகளிலே அமர்ந்திருக்கின்றனர். எவர் சட்டசபை புகுவர், எவர் புகாரென நாம் அறியோம். ஆதலின் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் இரண்டைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். பிறர் படுந் துன்பத்தை அயலில் நின்று காணுதல் ஒன்று. தனக்குத் தெரியாததைத் தெரியாதென்று கூறியபின், அதன்மேல் தீர்ப்புச் சொல்லாது அமைதல் மற்றொன்று. முன்னதை மெக்காலே தம் தந்தையாரிடம் கற்றார். பின்னதை அவருக்குக் கற்பித்தார் ஒருவரும் இலர்.